காலையில் நான், சாயங்காலம் மைனி

நவம்பர் 3, திங்கள்

மழை. மேஜர் இன்று எழுந்து நிற்க நான்கு முறை முயன்றான். ஐந்தாவது முறைதான் பின்னங்கால்கள் சம்மதித்தன. பதினொரு வயது லாப்ரடார், முப்பத்தைந்து கிலோ. எனக்கு ஐம்பத்தொன்பது, எடையை எழுத மாட்டேன். மழை பிடித்தால் இரண்டு பேருக்கும் மூட்டு வலி. எனக்குத் தைலம், அவனுக்கு மாத்திரை. கோழி ஈரல் வாசனை போட்ட மூட்டு மாத்திரை, பன் ரொட்டிக்குள் பொதிந்து கொடுத்தால் கேள்வி கேட்காமல் விழுங்குவான். காலை ஏழு மணிக்கு ஒன்று. முப்பத்தொரு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். தினம் ராத்திரி தலை எண்ணித்தான் கதவைப் பூட்டுவேன். எண்ணிக்கையில் ஒரு நாளும் பிசகியதில்லை.

மேஜர் என் அண்ணன் சாலமோன் வளர்த்த நாய். அண்ணன் மார்ச் மாதம் போய்விட்டான். இப்போது இந்த வீட்டில் முன்பக்கம் நான், பின்பக்கம் மைனி, அதாவது அண்ணன் மனைவி ஞானசெல்வம். நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் நீளமான நடை. அதில் ஒரு சாக்கு. சாக்கில் மேஜர்.

மைனியும் நானும் எட்டு மாதமாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு கூரைக்குக் கீழே இருந்துகொண்டு எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? நாயிடம் பேசுகிறோம்.

“எல மேஜரு, கேஸ் தீந்துட்டு. ஒங்க அத்தைட்ட சொல்லு” என்றாள் இன்று.

“நாளைக்குக் கொண்டு வருவான்னு ஒங்கம்மாட்ட சொல்லு, மேஜர்” என்றேன்.

அவன் இரண்டு பக்கமும் வாலை ஆட்டினான். பால், கேஸ், தண்ணீர் மோட்டார் எல்லாம் இந்த வழியில்தான் நடக்கிறது. அவன் வேலைக்கு அவனுக்குச் சம்பளமே கொடுக்கலாம்.

நவம்பர் 6, வியாழன்

மழை. துணி காயவில்லை. மாத்திரை கொடுத்தேன்.

நவம்பர் 8, சனி

மேஜருக்கு வயிறு சரியில்லை. நடையில் மூன்று இடத்தில் கழிந்து வைத்துவிட்டான். குனிந்து துடைத்து நிமிர்வதற்குள் என் முழங்கால் இரண்டும் கண்ணீர் விட வைத்தன. மைனி கண்டதையும் போடுகிறாள், வேறென்ன. நேற்று அவள் சட்டியில் மீன் தலை வெந்துகொண்டிருந்தது. “கண்டதத் தின்னாதல மேஜர்” என்று அவள் காதில் விழும்படி சொன்னேன். “ஒங்க அத்த குடுக்குற பன் ரொட்டிதான் ஒத்துக்கல” என்று பதில் வந்தது. பதிலுக்குப் பஞ்சமே கிடையாது அவளிடம்.

குப்பை வண்டிக்காரப் பெண்ணிடம் பைகளைக் கொடுத்தபோது, மைனியின் பையில், நான் மேஜருக்கு வாங்கும் மாத்திரை டப்பாவைப் போலவே ஒரு நீல டப்பா தெரிந்தது. இந்த ஊரில் எல்லா மருந்து டப்பாவும் நீலம்தான்.

அசதி. ஓய்வு பெற்றால் தூங்கலாம் என்று சொன்னவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வரிசையாக எழுதினால்தான் மனசு அடங்கும்.

நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். எட்டரைக்குக் கிளம்பிப் போனேன். எனக்கு முன்னால் நாற்பது பேர் உயிரோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்தேகாலுக்குத் திரும்பி வந்தால், என் கட்டிலுக்குக் கீழே மேஜர். அவன் முன்னால் மென்று துப்பிய நீல மூடி. டப்பா இரண்டாகப் பிளந்து கிடந்தது. அறுபது மாத்திரை கொண்ட புது டப்பா. இன்று காலைதான் உடைத்து ஒன்று கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவசரத்தில் கட்டில் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். எழுந்து நிற்கவே ஐந்து முறை முயல்கிறவன் இதற்கு மட்டும் எப்படி எக்கினானோ. தரையில் மூன்று மிச்சம் கிடந்தது. ஐம்பத்தாறு உள்ளே போய்விட்டது.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு முத்துப்பேச்சி அக்கா ஓடி வந்துவிட்டார். “உப்பக் கரைச்சு வாயில ஊத்து ஹெப்சி, கக்கிருவான்” என்றார். நானும் உப்பு ஜாடியைத் திறந்துவிட்டேன். அப்போது பின்பக்கத்திலிருந்து மைனி வந்தாள்.

“எல மேஜரு, ஒனக்கு உப்பு குடுத்தா அது வேற வெனைய இழுக்கும். டாக்டருக்குப் போன் போடச் சொல்லு” என்றாள், நாயைப் பார்த்து.

போட்டேன். டாக்டர் ஷெரின், பெருமாள்புரத்தில் சிறிய மருத்துவமனை வைத்திருக்கும் பெண். வீட்டில் எதுவும் செய்யக் கூடாது, உப்பு கூடாது, பால் கூடாது, இரண்டு மணி நேரம் தாண்டுவதற்குள் கொண்டு வாருங்கள், டப்பா கிழிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள் என்றார். நான் போனை வைப்பதற்குள் மைனி டப்பாவின் துண்டுகளை ஒரு பையில் போட்டு, மிச்ச மூன்று மாத்திரையையும் பொறுக்கி, ஆட்டோவுக்கும் ஆள் அனுப்பியிருந்தாள்.

பழைய போர்வையில் அவனைக் கிடத்தி ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். எட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை. ஆட்டோவில் அவன் தலை அவள் மடியில், கால்கள் என் மடியில்.

“பயப்படாதல” என்றாள்.

“ஒண்ணும் ஆவாது” என்றேன்.

யார் யாரிடம் சொன்னோம் என்று தெரியவில்லை.

மருத்துவமனையில் உள் அறை சின்னது, ஒருவர் மட்டும் வாருங்கள் என்றார்கள். நான் போனேன். மைனி வெளியே பெஞ்சில். டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். பழுப்பு நிறக் கூழ் வந்தது, எத்தனை மாத்திரை என்று அதில் எண்ண முடியாது. பிறகு கரித்தூள் கரைத்துப் புகட்டினார்கள். டிரிப் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே கேட்டார்.

“இதுல சேர்ந்திருக்குற மருந்தெல்லாம் பரவாயில்லம்மா. ஆனா இவ்வளவு போனா ஈரல் அடி வாங்கும். தினமும் எத்தன குடுத்துட்டு வந்தீங்க?”

“ஒண்ணுதான்.”

“வீட்ல வேற யாரும் குடுக்குறாங்களா?”

“இல்ல.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருடம் தலை எண்ணியவளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வரும்போது ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் வெறும் போர்வை.

நவம்பர் 12, புதன்

வீட்டில் சத்தமே இல்லை. மோட்டார் போட வேண்டும் என்று யாரும் யாரிடமும் சொல்லாததால் மேல்தொட்டி காலியாகிவிட்டது. சொல்வதற்கு நாய் இல்லை. குடத்தில் பிடித்துக் குளித்தேன்.

பதினொரு மணிக்கு டாக்டர் போன் செய்தார். மேஜர் நிற்கிறான், தண்ணீர் குடிக்கிறான். ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண் நூறுக்குள் இருக்க வேண்டியது எண்ணூறுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.

“நேத்து காலைல தின்னதுக்கு, ரெண்டு மணி நேரத்துல எடுத்த ரத்தத்துல இப்படி ஏறாதும்மா. இது பல நாளா நடந்திருக்கு. நல்லா யோசிங்க, முன்னாடியே மாத்திரை கூடுதலாப் போச்சா?”

“நான் ஒண்ணுதான் குடுத்தேன்.”

“அப்படின்னா நான் வேற நோய் இருக்கான்னு பாக்கணும். கட்டியாக்கூட இருக்கலாம். மயக்க மருந்து குடுத்து ஈரல்ல துளி சதை எடுத்துப் பாக்கணும். இந்த வயசுல, இந்த ஈரலோட, மயக்கத்துலருந்து எந்திரிப்பான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. நாளைக்குச் சாயங்காலம் எடுத்துரலாம்னு இருக்கேன். அதுக்குள்ள ஏதாவது ஞாபகம் வந்தா கூப்பிடுங்க.”

ஞாபகம் வருவதற்கு என்ன இருக்கிறது. பின்கதவு வரை போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும். போனேன். மைனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள் போலத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறையும் போனேன். அப்போதும் தண்ணீர். இப்போது வயிறு முழுக்கத் தண்ணீர்தான்.

கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். அவளிடம் கேட்பது என்றால் வேறொன்றையும் கேட்க வேண்டியிருக்கும். அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று மார்ச் மாதமே முடிவு செய்தாகிவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

காலை ஏழு மணிக்குப் பன் ரொட்டியைப் பிய்த்துவிட்டேன். கையில் பிடித்துக்கொண்டு நடையில் நின்றேன். சாக்கு மட்டும் கிடந்தது. முடி ஒட்டிய சாக்கு.

மைனி துடைப்பத்தோடு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

நான் சாக்கைப் பார்த்துச் சொன்னேன்: “மேஜர், ஒங்கம்மா ஒனக்கு மூட்டு மாத்திரை குடுத்தாவளான்னு கேளு.”

மைனி துடைப்பத்தைத் தரையில் ஊன்றினாள்.

“சாக்குட்ட கேக்கியா, எங்கிட்ட கேக்கியா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. ரொட்டியைப் பிடித்தபடி நின்று அழுதேன். ஐம்பத்தொன்பது வயதில், நைட்டியோடு.

“ஒங்ககிட்டதான் கேக்கேன் மைனி.”

“குடுத்தேன். செப்டம்பர்ல டாக்டர்ட்ட நான்தான கூட்டிட்டுப் போனேன். எழுதித் தந்தாவ. முட்டைக்குள்ள வச்சு சாயங்காலம் ரெண்டு. மழை பிடிச்ச பெறவு எழும்பவே மாட்டுக்கானேன்னு மூணு.”

“அந்தச் சீட்டு ஃபிரிட்ஜு மேல கெடந்துச்சு. நீங்க வாங்கலன்னு நெனச்சு நானும் வாங்குனேன்.”

“நீ குடுக்கது வெறும் ரொட்டின்னு நெனச்சேன், அன்னைக்கு ஒன் டப்பாவப் பாக்கது வரைக்கும்.”

ரொட்டிக்குள் ஒன்று என்றுதான் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். மழை நாட்களில் இரண்டு. அக்டோபர் பாதியிலிருந்து எல்லா நாளும் மழை நாள்தான். ஒன்று தின்ன வேண்டிய நாய்க்கு நாங்கள் இருவரும் சேர்ந்து தினம் ஐந்து கொடுத்திருக்கிறோம். அவன் வயிறு சொன்னது. அதையும் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டோம்.

டாக்டருக்குப் போன் செய்தேன். ஐந்து என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. “முதல் நாளே சொல்லிருக்கலாமேம்மா. சரி, மயக்க மருந்து வேண்டாம். ஈரலுக்கு மருந்து தொடங்குறேன். நாளைக்கு மறுபடியும் ரத்தம் பாப்போம், எண் எறங்கணும்னு வேண்டிக்கோங்க” என்றார்.

மைனி துடைப்பத்தை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.

“முந்தாநாள் உள்ள போயி ஒண்ணுதான்னா சொன்ன?”

“ஆமா.”

“நான் வெளிய பெஞ்சுலதான இருந்தேன். ஒரு எட்டு வந்து கேக்கலாம்லா?”

ரொட்டி கையிலேயே நமுத்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இதற்கு மேல் சுமக்கத் தெம்பில்லை.

மார்ச்சில் மைனியின் தங்கை மகளுக்கு நாசரேத்தில் கல்யாணம். மைனி நான்கு நாள் போனாள். போகும்போது என் வாசலில் நின்று, “ஒங்கண்ணனுக்கு பிரஷர் மாத்திரைய நீ பாத்துக்கிடு ஹெப்சி, சொல்லலன்னா போடமாட்டாவ” என்றாள். சரி என்றேன். முதல் நாள் காலையில் அண்ணனிடம் போய், மாத்திரை போட்டியா என்று கேட்டேன். “நான் என்ன ஒன் ஹாஸ்டல் பிள்ளையா? வந்து தலை எண்ணுத?” என்றான். வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பான். எனக்குச் சுருக்கென்றது. சரி, பெரிய மனுஷன், அவனே போட்டுக்கொள்ளட்டும் என்று அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான்காம் நாள் குளியலறையில் விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு. மைனி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த சபையார் அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன்: “இவ கல்யாணச் சாப்பாடு சாப்பிடப் போனா. இருந்திருந்தா எங்கண்ணன் மாத்திரை போட்டிருப்பான்.” கையை நீட்டித்தான் சொன்னேன். மைனி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், முக்கால்வாசி.

இன்று மருத்துவமனை பெஞ்சில் ரத்த முடிவுக்காக இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு பூனை கத்திக்கொண்டிருந்தது. நான் இதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை மைனி என்னைப் பார்க்கவில்லை.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அவியள குளிப்பாட்டுததுக்கு முன்ன மாத்திரை அட்டைய எடுத்துப் பாத்தேன். நான் போனன்னைக்கு எத்தன இருந்துச்சோ அத்தனையும் அப்படியே இருந்துச்சு. நீ கைய நீட்டிப் பேசும்போது அது என் இடுப்புலதான் செருகியிருந்துச்சு.”

“அப்ப ஏன் மைனி ஒண்ணும் சொல்லல?”

“நீ நின்ன நெலையப் பாத்தேன். யாரு மேலயாவது போடாட்டா நீ அன்னைக்கு விழுந்துருவ. சரி, என் மேல போடட்டும், நான் தாங்கிக்கிடுவேன்னு நெனச்சேன்.” முந்தானை நுனியை மடித்தாள். “தாங்க முடியல. கோயிலுக்குப் போனா பொம்பளைங்க நகந்து ஒக்காருதாளுவ. புருஷன விட்டுட்டு சோறு திங்கப் போனவன்னு. அதான் ஒங்கிட்ட பேசல.”

மன்னித்துவிடுங்கள் மைனி என்றேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை எடுத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட ஒத்தையில சொன்னா எனக்கு என்ன ஆவும்? ஊரு கூடியிருக்கும்போதுலா சொன்ன. அதே ஊரு கூடியிருக்கும்போது சொல்லு. பெறவு பாப்போம்.”

அந்த நேரத்தில் டாக்டர் கதவைத் திறந்தார். அறுநூற்றுச் சொச்சம். இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மைனி முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பிறகு உடனே விட்டுவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

மேஜர் வீட்டுக்கு வந்துவிட்டான். மூட்டு மாத்திரை இனி இல்லை. ஈரலுக்கு ஒரு சிரப், காலையில் ஐந்து மில்லி, ஒரே ஒரு முறை. கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம். மெலிந்துவிட்டான். சாக்கைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டுப் படுத்தான்.

மைனி அவனிடம், “ஒங்க அத்தைக்கு புதன்கிழம கோயில்ல பொம்பளைங்க கூட்டம் இருக்குன்னு ஞாபகப்படுத்துல” என்றாள்.

நவம்பர் 19, புதன்

கூட்டத்துக்குப் போகவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. உண்மையாகவே வீங்கியிருக்கிறது.

நவம்பர் 22, சனி

மைனி ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் போடச் சொல்லி நாயிடம் சொன்னாள். பதினோராம் தேதிக்கு முன்னால் எப்படி இருந்தோமோ அப்படியே. அது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது என்று உணர்ந்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

நவம்பர் 26, புதன்

பெண்கள் சங்கக் கூட்டத்தில் பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும், சாட்சி சொல்கிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, காய்ச்சல் நீங்கியது என்று நன்றி சொல்வார்கள். நான் இத்தனை வருடத்தில் ஒரு முறையும் எழுந்ததில்லை. இன்று எழுந்தேன். முழங்கால் மடக்கென்றது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மைனி ஜன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. போன வாரமும் அதற்கு முந்திய வாரங்களிலும் அது காலியாகத்தான் இருந்திருக்கும். இன்றுதான் பார்த்தேன்.

“நன்றி சொல்ல எழும்பல” என்று ஆரம்பித்தேன். “மார்ச் மாசம் எங்க வீட்டுல வச்சு ஒங்க எல்லாரு முன்னாலயும் ஒரு பொய் சொன்னேன். அண்ணனுக்கு மாத்திரை குடுக்கச் சொல்லி மைனி எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாவ. நான் குடுக்கல. கேக்கவும் இல்ல. எங்கண்ணன் செத்ததுக்கு மைனி காரணமில்ல.”

இன்னும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். நாய் விஷயம்கூட. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். குருவானவரின் மனைவி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். முதலில் எழுந்தது முத்துக்கனி டீச்சர். துக்க வீட்டில் என் தோளைத் தட்டி, சரியாகக் கேட்டாய் என்று சொன்னவர். அவர் போய் மைனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் தனித்தனியாக வந்தோம். நான் ஆட்டோவில், மைனி நடந்து. அவள் வரும் வரை மேஜரும் நானும் நடையில் உட்கார்ந்திருந்தோம். வந்தவள் செருப்பைக் கழற்றினாள், குடையை மடக்கினாள்.

“மோட்டார் போட்டியா ஹெப்சி?”

மேஜர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி வாலை ஆட்டினான். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

“போட்டுட்டேன் மைனி” என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

காலை ஏழு மணி. சிரப் ஐந்து மில்லி. கொடுத்தது நான். கொடுத்துவிட்டேன் என்று பின்பக்கம் போய் மைனியிடம் சொன்னேன்.